நல்லாத்தானே இருக்கேன்!

காலில் போட்டிருக்கும் செருப்பு கழன்று விழுந்தால் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

'இதெல்லாம் ஒரு கேள்வியா?' என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. நானும் முறைத்திருப்பேன், 2022 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரை. அன்று காலை பத்தரை மணி. கையில் கொத்தமல்லிக் கட்டும் தயிர் பாக்கெட்டுமாக நங்கநல்லூரில் எங்கள் தெருவுக்குள் திரும்புகிறேன். பின்னாலிருந்து கீரைக்காரம்மாவின் குரல்.

"சார்... சார்! செருப்ப வுட்டுட்டுப் போறியே!"

திரும்பிப் பார்த்தேன். இருபதடி தள்ளி நடுரோட்டில் ஒற்றைச் செருப்பு அநாதையாகக் கிடந்தது. பார்த்த செருப்பு மாதிரி இருக்கிறதே என்று குனிந்தால், என் இடது கால் வெறுங்கால். சென்னை வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் இருபதடி நடந்திருக்கிறேன். சூடு தெரியவில்லை. ஜல்லி குத்தியது தெரியவில்லை. செருப்பு இல்லாததே தெரியவில்லை.

"வயசாச்சுல்ல..." என்று அந்தம்மா சமாதானம் சொன்னார். எனக்கு அப்போது 51.

வீட்டுக்கு வந்து இதை ஒரு ஜோக் போல மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு மாசமா முகம் கழுவும்போது குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அது ஏன்?" என்று கேட்டாள். நான் அப்படி நிற்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் ஆள் ஆடுகிறேன். கை தானாகக் குழாயைப் பிடித்துக்கொள்கிறது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. நல்லாத்தானே இருக்கேன்!" என்றேன்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

* * *

கதை 2018-ல் ஆரம்பிக்கிறது. அப்போது நான் 128 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. கணக்கில் 45.

குண்டாக இருப்பவனின் கஷ்டம் குண்டாக இருந்தவனுக்குத்தான் தெரியும். ஷேர் ஆட்டோக்காரர், "சார், ரெண்டு டிக்கெட் காசு குடுத்துருவீங்கல்ல?" என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார். கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தால், "பரவால்ல, நிக்கறேன்" என்பேன். சர்க்கரைக்கு மூன்று மாத்திரை, பிரஷருக்கு இரண்டு. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். என் மனைவி பாதி ராத்திரி விழித்திருந்து என்னை உலுக்கி உலுக்கி எழுப்புவாள். யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். டயட், நடை, கொள்ளு, எலுமிச்சை-தேன் எல்லாம் பார்த்தாயிற்று. பத்து கிலோ குறையும், பன்னிரண்டு கிலோ ஏறும்.

கடைசியில் ஆபரேஷன். 'கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறதா?' என்று நிறையப் பேர் கேட்பார்கள். அது வேறு, அழகுக்காகச் செய்வது. இது வயிற்றையும் குடலையும் மாற்றி அமைப்பது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் ஆரம்பித்து வைத்தது. அல்சருக்காக இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்ட பெண்கள் அதன் பிறகு எடை போடுவதில்லை என்பதைக் கவனித்து, அதையே குண்டானவர்களுக்குச் செய்தால் என்ன என்று யோசித்தவர் அவர்.

எனக்குச் செய்தது பைபாஸ். இரைப்பையின் மேல் பக்கத்தில் ஒரு சின்ன முட்டை அளவுக்குத் தனியாகப் பிரித்து, சிறுகுடலைக் கொஞ்சம் கீழே வெட்டி அதோடு நேராக இணைத்துவிடுவார்கள். நாம் சாப்பிடுவது பழைய இரைப்பைக்கும் போகாது, சிறுகுடலின் முதல் பகுதிக்கும் போகாது. விழுப்புரம் ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் பறக்கிற திருச்சி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய்விடும், சரி. விழுப்புரத்தில் இறங்க வேண்டிய ஆட்கள்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் முக்கியமாக விழுப்புரத்தில் இறங்குகிற பயணிகள். அதாவது, சிறுகுடலின் அந்த முதல் பகுதியில்தான் அவை அதிகமாக ரத்தத்தில் சேரும். பஸ் அங்கே நிற்கவில்லையென்றால் பெரும்பகுதி இறங்காமலே போய்விடும். இன்னொரு வகை ஆபரேஷன் 'ஸ்லீவ்'. அதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைப்பார்கள். பஸ் ரூட் மாறாது. ஆனால் அமிலம் குறைந்துவிடும், சாப்பிடும் அளவும் குறைந்துவிடும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டயட்டீஷியன் பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். மல்டி விட்டமின், இரும்பு, கால்சியம், டி, பி-12. கீழே 'வாழ்நாள் முழுவதும்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் திருப்பதி பெருமாள் காந்தத்தால் ஒட்டி வைத்தோம்.

ஒரு வருடத்தில் 84 கிலோ ஆனேன். சர்க்கரை மாத்திரை ஒன்றுகூட இல்லை. தும்பிக்கை மாஸ்க்கைப் பரணில் போட்டாயிற்று. நாலாவது மாசம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறைந்தால் அப்படித்தான் ஆகும், புரதத்தைச் சரியாகச் சாப்பிடுங்கள், வந்துவிடும் என்றார்கள். வந்துவிட்டது. இருபது வருஷம் கழித்து முதல்முறையாகச் சட்டையை 'இன்' பண்ணிக்கொண்டு ஆபீஸ் போனேன். ஆபீஸில் மட்டும் 'ஹெர்னியா ஆபரேஷன்' என்று சொல்லியிருந்தேன். வெட்டிக் குறைத்துக்கொண்டான் என்று பேசுவார்களே என்ற வெட்கம். 'வாக்கிங் போனேன், ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டேன்' என்று அளந்தேன். ஒருவர் என் பேச்சை நம்பி மூன்று மாசம் சப்பாத்தி சாப்பிட்டார், பாவம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வருடாந்தர ரத்தப் பரிசோதனை தள்ளிப்போனது. மாத்திரை தீர்ந்தது. மெடிக்கல்ஸில் கூட்டம், பயம். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. 'மீட்டிங்கில் இருக்கேன்' என்றேன். ஒரு மாசம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாசம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

என் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "ஏண்டா, சர்க்கரையே போயிடுச்சு, அப்புறம் எதுக்கு முழுங்கிக்கிட்டு? முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு. உங்க தாத்தா என்ன விட்டமின் மாத்திரையா போட்டாரு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் தாத்தாவுக்கு விழுப்புரத்தில் பஸ் நின்றது, எனக்கு நிற்கவில்லை. அதோடு, தாத்தா ஒரு வேளைக்கு எட்டு இட்லி சாப்பிட்டவர். என்னால் முடிந்தது ஒன்றரை. ஒன்றரை இட்லிக்குள் எத்தனை முருங்கைக்கீரையைத் திணிப்பது?

இந்த நியாயம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது, "நல்லாத்தானே இருக்கேன்" என்று நானும் தலையாட்டினேன்.

* * *

ஆறு மாசம் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன் இல்லையா? அது ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

நம் உடம்பு ஒவ்வொரு சத்தையும் ஒவ்வொரு மாதிரி சேமிக்கிறது. பி-1 என்கிற தயாமின் தினக்கூலிக்காரன் வீட்டு அரிசி மாதிரி. வரவு நின்றால் இரண்டு, மூன்று வாரத்தில் பானை காலி. பி-12 பண்ணையார் வீட்டுக் குதிர். கல்லீரலில் வருஷக்கணக்கில் வருகிற அளவுக்கு இருப்பு இருக்கும். வரவு நின்றுபோனாலும் குதிர் காலியாக மூன்று வருஷம்கூட ஆகும். அதுவரை வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு 'நல்லாத்தானே இருக்கோம்' என்பார்கள். என்றைக்குக் கை அடிப்பலகையில் தட்டுகிறதோ, அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் சைவம் வேறு. செடி கொடிகளில் பி-12 கிடையாது. எங்களுக்கு வரும்படி பாலும் தயிரும்தான். என் குதிர் ஆரம்பத்திலேயே அரைக் குதிராக இருந்திருக்கும்.

இந்த பி-12 ரொம்ப வீம்பு பிடித்த ஆசாமி. தனியாக ரத்தத்துக்குள் போகமாட்டார். கூட ஒரு துணை வேண்டும். அந்தத் துணையைச் சுரப்பது இரைப்பை. அதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. (சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிவிடலாம்.)

நூறு வருஷத்துக்கு முன்னால் 'பெர்னீஷியஸ் அனீமியா' என்று ஒரு ரத்தசோகை இருந்தது. வந்தால் சாவு நிச்சயம். 1926-ல் பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள், தினமும் நிறைய ஈரல் சாப்பிடக் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். அதே ஊரில் வில்லியம் காசில் என்ற இளம் டாக்டருக்கு ஒரு சந்தேகம். 'ஆரோக்கியமானவன் ஈரல் சாப்பிடாமலே நன்றாக இருக்கிறானே, எப்படி?' ஆரோக்கியமானவர்களுக்கு இறைச்சி சாப்பிடக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அதைக் குழாய் வழியாக வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, நோயாளிகளுக்குக் குழாய் வழியாகவே கொடுத்தார். நோயாளிகள் தேறினார்கள். அதே இறைச்சியை நேரடியாகக் கொடுத்தபோது தேறவில்லை. ஆக, இறைச்சியில் ஒரு பொருள், இரைப்பையில் ஒரு பொருள், இரண்டும் சேர்ந்தால்தான் ரத்தம் ஊறும் என்று 1929-ல் எழுதினார். இறைச்சியில் இருந்த பொருள்தான் பி-12 என்று 1948-ல் தெரிந்தது.

இப்போது என் வயிற்றைப் பாருங்கள். சாப்பாடு ஒரு வழியில் போகிறது. துணைக்கு வரவேண்டிய சுரப்பு மூடிக் கிடக்கிற பழைய இரைப்பையில். சாப்பாட்டிலிருந்து பி-12-ஐப் பிரித்து எடுக்கும் அமிலமும் அங்கேதான். இதனால்தான் எங்களுக்குக் கொடுக்கிற மாத்திரையில் மிகப் பெரிய அளவு இருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராம்கூட இல்லை. துணை இல்லாமல் தானாகக் கசிந்து உள்ளே போவது நூற்றில் ஒரு பங்குதான். அதனால் தினமும் 350-லிருந்து 1,000 மைக்ரோகிராம் வரை விழுங்க வேண்டும், இல்லையென்றால் மாசம் ஒரு ஊசி. 'எதுக்கு இவ்வளவு? மருந்துக் கம்பெனி வியாபாரம்' என்று என் சகலை சொன்னார். வியாபாரம் இல்லை சார், வெறும் கணக்கு.

ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களும் ஒரு நிமிஷம் கவனியுங்கள். சர்க்கரைக்கு வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், நெஞ்செரிச்சலுக்கு தினமும் காலையில் அமிலம் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்கள், இவர்களுக்கும் பி-12 குறையலாம். கால் எரிந்தால் 'சர்க்கரைதானே' என்று முடிவு கட்டிவிடாமல் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

* * *

செருப்பு விழுந்ததற்கு அடுத்த வாரம் நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள் மனைவி. அதற்கு முன்னால் இரண்டு மாசம் நானாக மெடிக்கல்ஸில் 'கால் எரிச்சலுக்கு' என்று கேட்டு பி-காம்ப்ளெக்ஸ் வாங்கி விழுங்கியதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு தப்பு என்று டாக்டர் பிறகு சொன்னார். அதில் இருக்கும் ஃபோலிக் ஆசிட், ரத்தத்தை மட்டும் சரி செய்து காட்டிவிடுமாம். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலில் வெள்ளையடித்துவிட்டால் உள்ளே கரையான் அரிப்பது நிற்குமா?

டாக்டர், ஹார்மோனிய வித்வான் சுருதி பார்க்கிற மாதிரி ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் கணுக்காலில் வைத்தார்.

"அதிருதா சார்?"

"வைங்க டாக்டர், சொல்றேன்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "வெச்சாச்சு சார்" என்றார் மெதுவாக.

எனக்கு அந்த ஏ.சி. அறையில் வியர்த்தது.

"ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா?"

பழக்க தோஷம். "ஹெர்னியா..." என்று ஆரம்பித்தேன். என் மனைவி குறுக்கே புகுந்தாள். "இல்ல டாக்டர். 2018-ல எடை குறைக்க பைபாஸ். ரெண்டு வருஷமா எந்த மாத்திரையும் போடல." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். 128 கிலோவாக இருந்து ராத்திரியெல்லாம் அவளைத் தூங்கவிடாமல் செய்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை.

ரிப்போர்ட் வந்தது. பி-12 குறைந்தது 200 இருக்க வேண்டிய இடத்தில் 98. இரும்பின் இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் 7. ஹீமோகுளோபின் 10.4. விட்டமின் டி 12. ஆண்டு முழுக்க வெயில் காயும் ஊரில் விட்டமின் டி பஞ்சம்! தாமிரச் சத்தையும் அளக்கச் சொன்னார். அது குறைந்தாலும் அச்சு அசலாக இதே மாதிரி நரம்பு கெடுமாம். நல்லவேளை, அது சரியாக இருந்தது.

ஒரு விஷயம் என்னை அசத்தியது. கால்சியம் நார்மல் என்று போட்டிருந்தது. "பரவாயில்லையே, அதாவது ஒழுங்கா இருக்கே!" என்றேன். டாக்டர் சிரித்தார். "வெளியிலேருந்து வரலேன்னா உடம்பு எலும்பைக் கரைச்சு ரத்தத்துல அளவைச் சரியா வெச்சுக்கும் சார். அதனாலதான் பாராதைராய்டு ஹார்மோனையும் சேர்த்துப் பார்க்கணும். அது உங்களுக்கு ஏறியிருக்கு." என் ரத்தமும் என்னை மாதிரியே, 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சாட்சிக்கு என் எலும்பையே அடகு வைத்து!

ஒரு வாரம் தினமும் ஊசி, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாசம் ஒன்று. பி-12 ஊசி மருந்து நல்ல சிவப்பு, ரூஹ் அஃப்ஸா மாதிரி. ஒவ்வொரு தடவையும் "காலு எப்ப சரியாகும்?" என்று கேட்பேன். "சீக்கிரம் வந்திருந்தா முழுசா சரியாகும். இப்ப வந்திருக்கீங்க, பார்க்கலாம்" என்பார்.

* * *

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். அங்கே வெயிட்டிங் ஹாலில் ஒரு பெண். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவைத் திறந்து எதையோ எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். கல்கண்டு என்று நினைத்தேன். பச்சரிசி.

என் மனைவியிடம் யாரும் பத்தே நிமிஷத்தில் சொந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பெண்ணும் சொன்னாள். 2019-ல் ஸ்லீவ். அம்மா நகையை வைத்துச் செலவு செய்திருக்கிறார். எடை குறைந்ததும் வரன் வந்தது, 2021-ல் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஆபரேஷன் பற்றி மூச்சு விடவில்லை. 'வயித்துல இருக்கிற தழும்பு நாலஞ்சு புள்ளிதான், கேட்டா அப்பெண்டிக்ஸ்னு சொல்லிடு' என்று அம்மா பாடம். மாத்திரைகளை பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். மாமியார் பார்த்துவிட்டார். 'கல்யாணமாகி மூணு மாசத்துல அப்படி என்ன மாத்திரை?' என்று கேட்டார். அவருக்கு வந்தது வேறு சந்தேகம். அன்றைக்கு எல்லாவற்றையும் குப்பையில் போட்டவள்தான்.

இப்போது பத்து வாரம் கர்ப்பம். ஹீமோகுளோபின் 7.2. பச்சரிசி, ஐஸ்கட்டி, திருநீறு, சிலேட்டுக் குச்சி என்று கண்டதையும் வாய் தேடினால் நம் பக்கத்தில் 'மசக்கை' என்று சிரிப்போம். இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போய்விட்டதற்கு அது ஓர் அடையாளம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் தள்ளிக் குழந்தை பெறச் சொல்வார்கள். அந்தக் கணக்கு அவளுக்குச் சரிதான். ஆனால் வயிற்றில் குழந்தைக்கு முதுகுத்தண்டு உருவாகிற முதல் வாரங்களில் ஃபோலிக் ஆசிட்டும் பி-12-ம் இருக்க வேண்டுமே?

அன்றைக்கு வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு போன் போடும்மா. இப்பவே. இங்கேயே வரச் சொல்லு" என்றாள் என் மனைவி.

"கோவிச்சுக்கிட்டு விட்டுட்டாருன்னா, ஆன்ட்டி?"

என் மனைவி என்னைக் காட்டினாள். "இவர் ஆபீஸ்ல ஹெர்னியான்னு சொன்னவரு. இப்ப ரோட்டுல செருப்பு விழுந்தாத் தெரியல. பொய் சொன்னதுக்கு யாரு தண்டனை அனுபவிக்கிறா, பாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். எங்கள் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று அன்றைக்குத் தெரியவில்லை.

* * *

மறுபடி கிடைத்த பாடத்தில் உங்களுக்கும் உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன். அளவுகளை அவரவர் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரும்பும் கால்சியமும் சம்பந்தி சண்டைக்காரர்கள். ஒரே நேரத்தில் பந்தியில் உட்காரவைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி. இரும்புக்கு எலுமிச்சை ஜூஸ் நண்பன். காபி, டீ, பால் விரோதிகள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இந்த இரண்டிலிருந்தும் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். கால்சியத்தை ஒரே தடவையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் வீண்; பிரித்துப் பிரித்துத்தான். இப்போது எங்கள் வீட்டு காலண்டரில் ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் கால்சிய காலமும் எழுதியிருக்கிறது. விடிகாலை காபி, எட்டரைக்கு டிபனோடு மல்டி விட்டமின், பதினொன்றுக்கு இரும்பு, இரண்டுக்குச் சாப்பாட்டோடு கால்சியம், நாலரைக்குக் காபி, ராத்திரி மறுபடி கால்சியம்.

கால்சியத்திலும் ஜாதி உண்டு. கார்பனேட், சிட்ரேட். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், எங்களுக்கு அது குறைச்சல். அதனால் சிட்ரேட் நல்லது. "ரெண்டும் கால்சியம்தான் சார், இது விலை கம்மி" என்று மெடிக்கல்ஸில் மாற்றிக் கொடுப்பார்கள். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

அதிகமாக விழுங்கினால் அதிக நன்மை என்றும் நினைக்காதீர்கள். 60,000 யூனிட் விட்டமின் டி வாரம் ஒன்று என்று எழுதியதை தினம் ஒன்று விழுங்கி ஆபத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஏ, டி இரண்டும் உடம்பில் தேங்கும். பி-6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. ஆபரேஷன் ஆன முதல் மாதங்களில் தொடர்ந்து வாந்தி எடுத்தால் 'பழகிடும்' என்று வீட்டில் இருக்கக் கூடாது. தினக்கூலிக்காரன் பானை என்று சொன்னேனே, அந்த தயாமின் தீர்ந்துவிடும். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் வந்த பெரிபெரி இதன் குறைதான். நம் குன்னூரில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்றைக்கு ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் புழுங்கல் அரிசி இந்தச் சத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்வதால் அதை நம்பியவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். வாந்தியோடு கண் இரண்டிரண்டாகத் தெரிந்தால், தள்ளாடினால், பேச்சு குழம்பினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டியூட்டி டாக்டரிடம் முதல் வார்த்தையாக, 'எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர்' என்று சொல்லுங்கள். பி-1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து. 'ஹெர்னியா' என்று சொல்கிற இடமில்லை அது.

பரிசோதனை முதல் வருஷம் மூன்றாம் மாசம், ஆறாம் மாசம், பன்னிரண்டாம் மாசம். அதற்குப் பிறகு வருஷம் ஒரு தடவை, ஆயுசு முழுக்க. எல்.ஐ.சி. பிரீமியம் கட்ட மறக்கிறோமா?

* * *

2023 பிப்ரவரியில் என் மனைவிக்கு ஒரு போன் வந்தது. பெண் குழந்தை. இரண்டரைக் கிலோ, சுகப்பிரசவம். அன்றைக்கு அந்தப் பையன் ஆபீஸிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிட்டானாம். பத்து நிமிஷம் ஒன்றுமே பேசவில்லையாம். அப்புறம் டயட்டீஷியனிடம் போய், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று போனில் டைப் பண்ணிக்கொண்டானாம். மாமியார் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், "இதைச் சொல்றதுக்கென்னடி? நானும்தான் முப்பது வருஷமா பிரஷர் மாத்திரை போடறேன்" என்றாராம்.

என் விஷயம்? நடை சரியாகிவிட்டது. கண்ணை மூடினால் ஆடுவதில்லை. ஹீமோகுளோபின் 13-ஐத் தொட்டுவிட்டது. ஆனால் இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் திரும்பி வரவில்லை. கிள்ளினால் யாரோ பக்கத்து வீட்டுக்காரரைக் கிள்ளுகிற மாதிரி இருக்கிறது. இனி அவை அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்பக்கம் வார் வைத்த செருப்புதான் போடுகிறேன். தினமும் ராத்திரி படுக்கும் முன் மனைவி என் உள்ளங்காலைத் திருப்பி, காயம் இருக்கிறதா என்று லைட்டில் பார்க்கிறாள். தூங்கவிடாமல் செய்த காலம் போய், இப்போது இது.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, ஆபீஸிலோ இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் இருக்கலாம். 'ஹெர்னியா' என்று சொல்லிக்கொண்டும் இருக்கலாம். அவர் விழுங்குவது நோய்க்கு மருந்து இல்லை. எடுத்துவிட்ட இரைப்பையும் சுற்றிப்போன குடலும் செய்யவேண்டிய வேலையை அந்த நாலு மாத்திரைதான் செய்கிறது. அவரைப் பார்த்து, "ஆள் ஜம்முனு இருக்கீங்களே, இன்னுமா மாத்திரை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"இன்னிக்குப் போட்டாச்சா?" என்று கேளுங்கள். போதும்.